திக்குவாய் மாப்பிள்ளைப் பாட்டு

மகள் ஜெனிட்டாவின் ரிசப்ஷனில், ரெண்டு வார்த்தை பேசலாம் என்று தேவசகாயம் மைக்கை வாங்கியதுதான் தாமதம், திருவிடந்தையிலிருந்து வேன் பிடித்து வந்திருந்த கூட்டாளிகள் கத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

"அண்ணாத்த, திருப்போரூர் பாட்டு!"

ஒரு காலத்தில் அந்தப் பாட்டு இல்லாமல் இந்தக் கடற்கரையில் கச்சேரி களைகட்டாது. பெண் பார்க்கப் போன திக்குவாய் மாப்பிள்ளை பேச முடியாமல் தவிக்கிற பாட்டு. எழுதி, மெட்டுப் போட்டு, பாடியது எல்லாமே அவர்தான். 'தி... தி... திருப்போரூருப் பொண்ணு' என்று அவர் திக்கும் இடத்திலெல்லாம் மணியின் டிரம்ஸ் உருளும். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். கேசட்கூட வந்தது. அதில் யாருக்காவது வலிக்கும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை, ஜெனிட்டாவைப் பெண் பார்க்க ஜெபகுமார் வீட்டுக்கு வரும்வரை. அணுபுரத்தில் வேலை, தங்கமான பையன். வாசலில் நின்று தன் பெயரைச் சொல்வதற்குள் அவனுக்கு வேர்த்துவிட்டது. அன்றிலிருந்து தேவசகாயம் குளிக்கும்போதுகூட அந்தப் பாட்டை முணுமுணுத்ததில்லை.

"தொண்டை கட்டிகினு கீதுப்பா. இன்னொரு நாளைக்கு."

"இன்னா அண்ணாத்த, பொண்ணு கல்யாணத்துல பிகு பண்ணிக்கினு!"

மேடையில் பின்னால் வாசித்துக்கொண்டிருந்த மணி, பழைய பழக்கத்தில் டிரம்ஸை ஒருமுறை உருட்டியே விட்டார். ஜெனிட்டா தலையைக் குனிந்துகொண்டாள். மாப்பிள்ளை நெருங்கி வந்தான்.

"பா... பாடுங்க மாமா. எனக்குத் தெ... தெரியும். ஸ்கூல்ல என்னை இதப் பா... பாடித்தான் கூப்புடுவானுங்க."

தேவசகாயம் மைக்கைத் தாழ்த்திக்கொண்டார். "தெரியாம பண்ணிட்டேம்பா. அத்த போய் பாடச் சொல்றியே?"

"மெ... மெட்டு நல்லா இருக்கு மாமா."

சொன்னவன் சிரித்தான். கிண்டல் இல்லை, நிஜமாகவே ரசித்த சிரிப்பு. மைக்கை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டான். ஜெனிட்டா எதுவோ சொல்ல வந்து, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"திருப்போரூருப் பொண்ணு, திரும்பிப் பாரு கண்ணு..."

பாடும்போது அவனுக்குத் திக்கவே இல்லை. கேலியாகப் போட்ட மெட்டு, அவன் குரலில் பெண்ணைப் பார்த்துச் சொக்கிப்போன ஒருவனின் பாட்டாக நேராக நடந்து போனது. சிரிக்கத் தயாராக இருந்த முகங்கள் அப்படியே நின்றன. தேவசகாயம் தன்னையறியாமல் தொடையில் தாளம் போட்டார். பின்னால் மணி, திக்கல் வரும் என்று தூக்கிய குச்சிகளை எங்கே இறக்குவதென்று தெரியாமல் காற்றிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.