போதகருக்கு மிஞ்சிய சொல்

போதகருக்கு மைக் தேவைப்பட்டதே இல்லை. அவர் வாய் திறந்தால் கடைசி வரிசையில் கண்ணயர்ந்தவர்கூட நிமிர்ந்து உட்காருவார். பலவீனத்தைப் பற்றியே பன்னிரண்டு வாரம் பிரசங்கம் செய்தார். அடுத்த திங்கட்கிழமை காலை, பல் துலக்கும்போது குளியலறையில் சரிந்து விழுந்தார்.

மூளையில் ரத்தக்கட்டு என்றார்கள். கையும் காலும் பாதி திரும்பி வந்தன. பேச்சு வரவில்லை. பிறர் பேசுவது புரிந்தது. பதில் மட்டும் தொண்டைவரை வந்து காணாமல் போனது. ஒரே ஒரு சொல்தான் தங்குதடையின்றி வந்தது. அது "சனியன்."

கார் கிளம்பாத காலைகளில் யாருக்கும் கேட்காமல் அவர் சொல்லிக்கொண்ட சொல் அது. இப்போது தண்ணீர் கேட்டாலும் சனியன், நன்றி சொன்னாலும் சனியன்.

சபைச் செயலாளர் பழக்கூடையோடு பார்க்க வந்தார். "ஐயா, சபையே உங்களுக்காக ஜெபம் பண்ணுது" என்று கையைப் பிடித்துக்கொண்டார். போதகர் மனம் உருகி, கண் கலங்கி, "சனியன்" என்றார். செயலாளர் கூடையைக் கீழே வைக்கவும் தோன்றாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதன்பின் போதகர் யாரையும் பார்க்கவில்லை. சபைக்கு வேறு போதகர் வந்தார். பழையவருக்கோ ஜெபிக்கவும் வார்த்தை இல்லை. காலையில் நாற்காலியில் வெறுமனே உட்கார்ந்திருப்பார். கடவுளுக்குத் தன் குரல்தான் பிடித்திருந்தது என்று இத்தனை வருஷம் நம்பியிருந்தது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

"என்னங்க, பேச்சுப் பயிற்சிக்காவது வாங்க. வீட்டுக்குள்ளயே கிடந்தா பேச்சு தானா வந்துடுமா?" என்று மனைவி இழுத்துக்கொண்டு போனாள்.

ஆஸ்பத்திரி இரண்டாம் மாடியில் ஒரு சின்ன அறை. பயிற்சி தருகிற பெண் படம் போட்ட அட்டைகளைக் காட்டினாள். "பேசுற இடம் அடிபட்டாலும் திட்டுற இடம் தப்பிச்சுடும் சார். நிறைய பேருக்கு இப்படித்தான்" என்றாள் சாதாரணமாக.

பக்கத்து நாற்காலியில் ஒரு கொத்தனார். அவருக்கும் அதே வியாதி. அவர் "கு..." என்று ஆரம்பித்தால் போதும், மகள் "குடை, அப்பா, குடை" என்று முடித்துவைப்பாள். ஒருநாள் அவள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். கொத்தனார் அட்டையைப் பார்த்துத் தவித்தார். எடுத்துக்கொடுக்கப் போதகரிடம் சொல் இல்லை. கொத்தனாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு நிமிஷம் ஆயிற்று.

"குடை" என்றார் கொத்தனார். சொல்லிவிட்டு அழுதார்.

எத்தனையோ படுக்கைகளின் பக்கத்தில் நின்று ஜெபித்தவர் போதகர். படுத்திருந்தவர் சொல்ல வந்ததை ஒருமுறையாவது கடைசிவரை கேட்டோமா என்று யோசித்தார். ஞாபகம் வரவில்லை.

பயிற்சிப் பெண் இதைக் கவனித்திருந்தாள். "செவ்வாய்க்கிழமையும் வர முடியுமா சார்? மத்தவங்க பக்கத்துல சும்மா உட்கார்ந்திருந்தா போதும்."

"இவர் உட்கார்ந்து என்னம்மா பண்ணப்போறார்?" என்றாள் மனைவி.

"இங்க வேற யாருக்கும் சும்மா உட்காரத் தெரியலையே."

போதகருக்குச் சுருக்கென்றது. ஆயிரம் பேரை எழுப்பி நிற்க வைத்தவனுக்கு இந்த வேலையா? இரண்டு வாரம் போகவில்லை. மூன்றாம் வாரம் தானே சட்டையை மாட்டிக்கொண்டார். பொத்தான் போடவே அரைமணி நேரம் பிடித்தது.

ஒரு வருஷத்தில் நாற்பது சொற்கள்போல வந்தன. ஜெபத்தில் அவற்றில் ஒன்றைத்தான் சொன்னார்: "அப்பா." மற்ற நேரம் பேசாமல் இருந்தார். கடவுளுக்குத் தான் இன்னும் மகன்தான் என்பதில் அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

சபையின் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்குச் செயலாளர் அழைக்க வந்தார். "மேடையில உங்களுக்கு நடு நாற்காலி ஐயா. பேச வேண்டாம், வந்தாலே போதும்."

போதகர் சிரித்தார். "எ... என்னைக்கு?"

"வர்ற செவ்வாய்."

"வே... லை" என்றார் போதகர்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பயிற்சி அறைக்குப் புதிதாக ஒரு பள்ளி ஆசிரியை வந்திருந்தாள். ஒரு மணி நேரம் ஆகியும் அவளுக்கு ஒரு சொல்லும் வரவில்லை. போதகரும் எழுந்திருக்கவில்லை.