வெள்ளிக்கிழமை பார்த்த தாஜ்மகால்

ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமுக்கு நான் பொறுப்பாளர். பார்த்திபன் அங்கே பேட்டர்ன் மாஸ்டர். ஒரு செருப்புக்குத் தோலை எந்தெந்த வடிவத்தில் வெட்ட வேண்டும் என்று அட்டையில் வரைந்து கொடுப்பவன். பிப்ரவரியில் அவனை ஆக்ராவுக்குப் பயிற்சிக்கு அனுப்பினோம். அதுவும் நம் ஊரைப் போல ஷூ ஊர்தான். பயிற்சி வியாழக்கிழமை முடிந்தது, ரயில் சனிக்கிழமை காலை. டிக்கெட் போட்டது நான். எங்கள் கம்பெனிக்கு வார விடுமுறை வெள்ளி என்பதால், "வெள்ளிக்கிழமை லீவுதானே, தாஜ்மகாலைப் பாத்துட்டு வா" என்று சொல்லி அனுப்பினேன்.

அவன் திரும்பி வந்த மூன்றாவது வாரம் மேனேஜர் உமர் ஃபாரூக் என்னைக் கூப்பிட்டார். போனை நீட்டினார். ஆக்ரா கம்பெனி ஒன்றின் கேட்லாக். அதில் எங்கள் குறுக்கு வார் செருப்பு அப்படியே இருந்தது. நாங்கள் அதைக் கடைக்கு அனுப்பி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"நம்ம பேட்டர்ன் அங்க எப்படிப் போச்சு? உங்க ஆளு அந்த வெள்ளிக்கிழமை எங்க இருந்தான் தேவிகா?"

"தாஜ்மகால்ல சார்."

"வெள்ளிக்கிழமை அதை மூடிடுவாங்கம்மா. அந்த ஊர்க்காரங்களைத் தொழுகைக்கு மட்டும் உள்ள விடுவாங்க. நான் போயிருக்கேன்." போனைக் கவிழ்த்து வைத்தார். "அவனை வச்சிக்கலாமா, அனுப்பிடலாமா? சாயங்காலத்துக்குள்ள எழுதிக் குடுங்க. உங்க பேப்பர்தான் முடிவு."

டீ நேரத்தில் பார்த்திபனைச் சுற்றித் தையல் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் போய் நின்றேன். அவன் கையில் இருந்த கோப்பைகூட அன்று எனக்குச் சந்தேகமாகத் தெரிந்தது. ஏன் அதை அப்படி இறுக்கிப் பிடித்திருக்கிறான்?

"இன்னா தம்பி, தாஜ்மகாலைப் பத்திச் சொல்லேன்" என்றாள் கமலம். "என் வூட்டுக்காரரு கல்யாணம் ஆன புதுசுல கூட்டிட்டுப் போறேன்னாரு. இன்னும் சோளிங்கர் மலையைத் தாண்டல."

"வெள்ளைக் கட்டடத்துக்கு ரெண்டு பக்கமும் செவப்புக் கல்லுல ஒவ்வொரு கட்டடம்க்கா. ரைட்ல இருக்கறது மசூதி. லெஃப்ட்ல இருக்கறது ஜோடிக்குக் கட்டினது."

"ஜோடிக்குன்னா?"

"ஒத்தக் கால் செருப்பை யாராவது விப்பாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வருடங்களுக்கு முன் ஆக்ராவில் நடந்த தோல் கண்காட்சிக்குப் போனபோது நானும் தாஜ்மகாலைப் பார்த்திருக்கிறேன். பெரிய வாசல் தெற்கில் இருக்கிறது. அதன் வழியாகத் தோட்டத்துக்குள் நுழைந்தால் மேற்கு நமக்கு இடது கைப்பக்கம். மசூதி மேற்கில்தான் இருக்க முடியும், இந்த நாட்டிலிருந்து தொழுகிறவர்கள் மேற்கு நோக்கித் தொழ வேண்டும். கிழக்கில் இருப்பது அதே அளவில் அதன் எதிர் பிம்பமாகக் கட்டிய கட்டடம். அதற்கு 'ஜவாப்' என்று பெயர், பதில் என்று அர்த்தம். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது, உள்ளே போனால்தான் அதில் தொழுகைத் திசையைக் காட்டும் மாடம் இல்லை என்று தெரியும். ஆக, மசூதி இடது பக்கம். பார்த்திபன் வலது என்கிறான்.

"உள்ள சமாதி ரெண்டும் எப்படி இருந்துச்சு பார்த்திபா?" என்றேன்.

டீயை ஊதினான். "ஜோடியாதான் மேடம்."

இதுவும் தப்பு. மும்தாஜ் 1631-இல் இறந்தார். அடுத்த வருடம் தொடங்கிய அந்தக் கட்டடத்தின் நட்டநடுவில் இருப்பது அவருடைய சமாதி. முப்பது வருடங்களுக்கு மேல் கழித்து ஷாஜகான் இறந்தபோது அவருடைய சமாதியை மேற்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல வைத்தார்கள். அது இன்னும் கொஞ்சம் பெரியது. அவ்வளவு பெரிய கட்டடத்தில் நடுக்கோட்டின் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாமல் துருத்திக்கொண்டு நிற்பது அது ஒன்றுதான். மேலே இருப்பவை வெறும் அடையாளங்கள், உண்மையான கல்லறைகள் கீழ் அறையில் இருக்கின்றன. இது தெரியாமல் போகலாம். ஆனால் அரை மில்லிமீட்டர் கோணினால் அட்டையைக் கிழித்துப் போடுகிற பேட்டர்ன் மாஸ்டர் கண்ணுக்கு அந்தக் கோணல் தெரியாமல் போகுமா?

அறைக்கு வந்து பேப்பர் எடுத்தேன். 'மேற்படி நபர் அன்று சொன்ன இடத்துக்குப் போகவில்லை' என்று எழுதினேன். அடுத்த வரியை எழுதுவதற்குள் செக்கிங் பிரிவிலிருந்து ஜோதி ஒரு ஜோடி ஷூவைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். எப்போதும் வைப்பது போல, மூக்கு என்னைப் பார்க்கும்படி.

மூக்கு நம்மைப் பார்த்தால் இடது கால் ஷூ நமக்கு வலது பக்கம் இருக்கும். குதிகால் பக்கமிருந்து பார்த்தால் இடது இடதாகவே இருக்கும். வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு நான் முதல் நாள் சொல்லித்தருவது இதைத்தான். அந்த ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பார்த்திபனைக் கூப்பிட்டேன்.

"தாஜ்மகாலைப் பின்னாலேர்ந்துதான் பாத்தியா?"

அவன் முகம் செத்துப்போனது. "கேட்டு பூட்டியிருந்துச்சு மேடம். வெள்ளிக்கிழமை லீவாம். ஆட்டோக்காரர் ஆத்துக்கு அந்தாண்ட ஒரு தோட்டத்துல விட்டாரு."

"அதைச் சொல்றதுக்கு இன்னா? உள்ள பாத்த மாதிரி சமாதிக் கதை எதுக்கு?"

"லீவுன்னு நீங்கதானே டிக்கெட் போட்டீங்க. மூடியிருந்துச்சுன்னு உங்க மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? அதுவும் எல்லார் முன்னாடியும்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. காலையில் தோட்டத்தில் நின்றவன் மத்தியானம் எந்தக் கம்பெனி வாசலில் நின்றானோ? போட்டோ கேட்டேன். ஒன்றுதான் இருந்தது. அதோடு பேட்டரி போய்விட்டதாம். அதற்குப் பதிலாகப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தான்.

அரை மணி நேரம் கழித்து அந்த நோட்டை உமர் ஃபாரூக்கின் மேஜையில் விரித்து, போட்டோ இருந்த பார்த்திபனின் போனையும் பக்கத்தில் வைத்தேன். பக்கத்துக்கு ஒன்றாக, தாஜ்மகாலின் பெரிய குமிழ். அடியில் இடுப்பு ஒடுங்கி, நடுவில் வயிறு பருத்து, உச்சியில் கூர்ந்து. பார்த்திபன் அதை ஆரஞ்சுச் சுளை மாதிரித் துண்டு துண்டாகக் கோடு போட்டுப் பிரித்திருந்தான். தட்டையான தோலில் இப்படி ஒரு வளைவைச் சுருக்கம் விழாமல் போர்த்த வேண்டுமானால் சுளைகளாக வெட்டித்தான் தைக்க வேண்டும். ஷூவின் மூக்கும் அதே கணக்குதான். வளைவு எங்கே எவ்வளவு என்று பிடிக்க, எந்த மணிக்கு எந்தச் சுளையில் வெயில் விழுகிறது என்று பென்சிலால் நிழல் தீட்டியிருந்தான். பத்து, பதினொன்று, பன்னிரண்டு, அப்படியே ஐந்து வரை.

"ரூம்ல உக்காந்து வரைஞ்சிருப்பான்" என்றார் உமர் ஃபாரூக்.

"வெயிலைப் பாருங்க சார். காலைல இடது பக்கச் சுளை. சாயங்காலம் வலது பக்கச் சுளை."

"அதுக்கு?"

"வாசல் பக்கம் நின்னா நாம வடக்கைப் பாக்கறோம். கிழக்கு வலது கைப்பக்கம் வரும். வெயில் வலதுலேர்ந்து இடதுக்குப் போவும். எல்லாப் படமும் அந்தப் பக்கத்துலதான் எடுக்கறாங்க. படத்தைப் பாத்துக் கதை கட்டியிருந்தா அப்படித்தான் வரைஞ்சிருப்பான். ஆத்துக்கு அந்தாண்ட நின்னு தெற்கைப் பாத்தவனுக்குத்தான் இப்படி வரும். போட்டோலயும் பாருங்க, நம்ம பக்கம் இருக்கற சுவரு நிழல்ல இருக்கு. குளிர் மாசத்துல சூரியன் தெற்கால போறதால பின்பக்கத்துக்கு வெயில் கிடையாது."

பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். இரண்டு தடவை திருப்பினார். பிறகு என் பேப்பரைப் படித்தார். நான் முதலில் எழுதிய வரியை அடித்துவிட்டு, 'வெள்ளிக்கிழமையை அவருக்குக் கொடுத்தது நான். அன்று மூடியிருக்கும் என்று விசாரிக்கவில்லை. பார்த்திபன் வேலையில் தொடரலாம்' என்று எழுதியிருந்தேன். கூடவே டிக்கெட் அனுமதித் தாளையும் பின் செய்திருந்தேன். அதில் இரண்டு கையெழுத்துகள் இருந்தன.

"ரெண்டாவது கையெழுத்து..." என்று இழுத்தார்.

"உங்களுதுதான் சார்."

தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"பேஜாரு" என்று முனகினார். "சரி, அப்ப இந்தக் கேட்லாக் செருப்பு எப்படி வந்துச்சு?"

"கடைல ஒரு ஜோடி வாங்கிப் பிரிச்சிருப்பாங்க. நாம பண்ணாததா சார்?"

அவர் பேப்பரில் கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளினார். நான் எழுந்தபோது நிறுத்தினார்.

"ஆக்ராவுலேர்ந்து அந்தக் கேட்லாக் செருப்பை ஒரு ஜோடி வரவழைங்க. எப்படிக் காப்பி அடிச்சாங்கன்னு பார்த்திபனையே பிரிச்சுப் பாக்கச் சொல்லுங்க."

"சரி சார்."

"பிரிக்கும்போது பக்கத்துல நீங்க இருங்க."