சாம்பிள் சோறு

என் வீட்டுக்காரர் ராஜா முகம்மதுக்கு ஊசி என்றால் பயம். அரிசி மூட்டைகளுக்கு நடுவே பாம்பு வந்தால் வாலைப் பிடித்து எறிகிற மனிதர், ரத்தம் எடுக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு என் விரலை நசுக்குவார். சர்க்கரை இறங்காவிட்டால் தினமும் இன்சுலின் ஊசிதான் என்று டாக்டரம்மா சொன்னதும், "சோத்தையே விட்டுறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். கம்பத்தில் அரிசி மண்டி வைத்திருப்பவர் கொடுத்த வாக்கு அது.

கொடுத்தது அவர், உழைத்தது நான். காலிபிளவரைத் துருவி, துணியில் கட்டிப் பிழிந்து, நெய்யில் வதக்கிப் பிரியாணிக்குத் தம் போட்டேன். முதல் வெள்ளிக்கிழமை ஒரு வாய் வைத்துவிட்டு, "கறி இருக்கு, மசாலா இருக்கு. பிரியாணிய எங்கன காணோம்?" என்றார். தேங்காய்ச் சோற்றுக்கு வழக்கம்போல் தேங்காய்ப்பால் ஊற்றினேன், கூழாகிவிட்டது. அடுத்த தடவை பாலை விட்டுத் துருவலை மட்டும் போட்டேன். ஆப்பத்துக்குப் பதிலாக முட்டையிலும் தேங்காயிலும் ஓர் அடை கண்டுபிடித்தேன். அதற்கு அவர் வைத்த பெயர் மிதியடி. ஆனாலும் மிச்சம் வைக்காமல் தின்றார். அவருக்கு முன்னால் சோறு தின்ன மனசு வராமல் நானும் அதையேதான் தின்றேன்.

மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் ஒரு நிபந்தனை. "குழம்பக் கொஞ்சம் கூடக் கட்டிவிடு. காலிபிளவரு தொண்டையில இறங்க மாட்டேங்குது."

என் கறிக்குழம்பின் மகிமை என்று பூரித்துப்போய், நானும் தூக்குவாளியின் மேல்தட்டில் காலிபிளவரை வைத்து, கீழே குழம்பைத் தளும்ப ஊற்றி அனுப்பினேன்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் சர்க்கரை துளிகூட இறங்கவில்லை. நான்தான் ஒளித்து வைத்துச் சோறு போடுகிறேன் என்பதுபோல் டாக்டரம்மா என்னைப் பார்த்தார். இன்னும் ஒரு மாதம், அதற்குப் பிறகு ஊசி என்றார். எனக்கு ஊசிகூடப் பெரிதில்லை. அவருடைய அண்ணன் நத்தர்ஷாவுக்கு இதே சர்க்கரையில்தான் கால் போனது. என் சமையலில்தான் ஏதோ தப்பு என்று அடுப்படியில் நின்று அழுதேன்.

மறுநாள் அவர் தூக்குவாளியை மறந்துவிட்டுப் போனார். நானே எடுத்துக்கொண்டு மண்டிக்குப் போனேன். பின்பக்கம் கேஸ் அடுப்பில் மூன்று சின்னப் பானைகள். மண்டி வேலைக்கு இருக்கும் மொக்கம்மாள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். விற்பனைக்கு வருகிற ஒவ்வொரு லோடிலும் கொஞ்சம் அரிசி எடுத்துப் பொங்கி, தின்று பார்த்த பிறகுதான் வாங்குவார்கள். இது எனக்கும் தெரியும். தெரிந்துமா மூன்று மாதம் என் மண்டையில் ஏறவில்லை!

என் வீட்டுக்காரர் வாழையிலையில் மூன்று குவியல் சோற்றுக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒரு நாளைக்கு எத்தன பானை?" என்று மொக்கம்மாளைக் கேட்டேன்.

"லோடு கூட வந்தா ஆறேழு ஓடும் தாயி. ஒங்க குழம்பு வந்தாத்தேன் மொதலாளி நல்லாத் தின்னு பாத்துச் சொல்லுவாக."

அவர் முகத்தில் திருட்டு முழியே இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

"இது சாப்பாடு இல்ல புள்ள, தொழிலு. சாம்பிள்" என்றார். மனசார நம்பித்தான் சொன்னார்.

"ஒங்க ரத்தத்துக்கு அது தெரியுமா?"

அவர் குனிந்து இலையைப் பார்த்தார்.

"தள்ளுங்க. இனிமே சாம்பிள் நான் பாக்குறேன்."

இலையை என் பக்கம் இழுத்து முதல் குவியலில் ஒரு வாய் எடுத்தேன். அல்லாவே, என்ன சோறு! பொலபொலவென்று, சூடாக, மெல்ல மெல்ல இனித்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு சோறு. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"எப்படி இருக்கு?" என் வாயையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"கொழஞ்சு கெடக்கு. ஒரு மாதிரி வாடை வேற."

அவர் இலையிலிருந்து ஒரே ஒரு பருக்கையை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"அம்புட்டு மோசமா?"

"வாயில வைக்க முடியல."

பருக்கையைக் கீழே போட்டுவிட்டு, வேறு இலை விரித்து, தூக்குவாளியைத் திறந்து காலிபிளவரைக் கொட்டிக்கொண்டார். ஒரு வாய் தின்றுவிட்டு, தலையைத் தூக்காமலே மொக்கம்மாளிடம் சொன்னார்:

"அந்த மொத லோட இறக்கச் சொல்லு. அருமையான அரிசி."