நடுவில் படுத்திருந்தவர்

ஒரு மனிதனின் மனத்தைத் தேடிப் பன்னிரண்டு பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். தேடப்பட்டவர் அவர்களுக்கு நடுவில், கட்டிலில், கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தார். அவர் என் அத்தான். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். நெய்க்கு அலைந்தபடி வெண்ணெயைப் பார்த்து 'அசையாதே' என்று அதட்டுகிறவர்களை அன்றுதான் கண்டேன்.

வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசை தவறினால் எனக்கே என்மேல் நம்பிக்கை போய்விடும்.

அத்தான் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஒருநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது செருப்பு மாட்டக் குனிந்தவர் அப்படியே சரிந்தார். மூளையில் அடைப்பு. உயிர் தங்கியது, வலப்பக்கமும் பேச்சும் போயின. நாங்கள் பேசுவது அவருக்குப் புரிகிறதா என்று பெரிய டாக்டரிடம் அக்கா கேட்டாள். "புரியலாம், புரியாமலும் இருக்கலாம்" என்றார் அவர். அதைச் சொல்ல அத்தனை வருடப் படிப்பு தேவையா என்று எனக்குத் தோன்றியது. எனக்கு எதுவும் தோன்றும். அதனால் வெளியே சொல்லவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அத்தான் சில சமயம் அழுவார், சில சமயம் சிரிப்பார். அது தானாக வருவது, அதற்கு அர்த்தம் கிடையாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நகருக்கு வெளியே ஒரு பயிற்சி மருத்துவமனை இருந்தது. கைகாலுக்கும் பேச்சுக்கும் அங்கே மாதக்கணக்கில் பயிற்சி கொடுப்பார்கள். அங்கே பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை போன் வந்தது. கட்டில் காலியாகிறது, ஞாயிறு மாலைக்குள் வருகிறோம் என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும்.

"அங்க கூட இருக்க விடமாட்டாங்களாம்" என்றாள் அக்கா. "யாருன்னே தெரியாதவங்க கையக் காலப் பிடிச்சு இழுப்பாங்க. நாம தூக்கி எறிஞ்சுட்டோம்னு அவரு நெனச்சுட்டா?"

"அவரு நெனைக்கிறாரான்னுதானே தெரியல" என்றேன்.

"அதான் வகுப்புல கேக்கப்போறோம்."

வகுப்பு என்பது மாலை வகுப்பு. நகராட்சிப் பள்ளியின் உயிரியல் அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் எலும்புக்கூட்டுக்கு எதிரே நடக்கும். தலைப்பு: 'மனித உணர்வு ஒன்றே: அறிவியலும் ஆன்மிகமும்'. அத்தான் விழுந்ததும் யாரோ சொல்லி அக்கா சேர்ந்தாள். தனியாகப் போக வேண்டாமே என்று நானும் சேர்ந்தேன். என்ன கற்றேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பாடத்தை மட்டும் தினமும் வீட்டில் திருப்பி எழுதிப் பார்ப்பேன்.

அறிவியலுக்கு ஒருவர், ஆன்மிகத்துக்கு ஒருவர். அறிவியல்காரர் ஓய்வு பெற்ற ஆசிரியர். எதைக் கேட்டாலும் "எல்லாம் அலை" என்பார். அதனால் அலை வாத்தியார். சேர்ந்திருந்த இரண்டு துகள்களைப் பிரித்து எவ்வளவு தூரத்தில் வைத்தாலும் ஒன்றுக்கு நேர்வது மற்றதற்குத் தெரியும், நாமெல்லாம் துகள்தானே, ஆகவே உங்கள் மனமும் என் மனமும் ஒன்று என்பது அவர் கணக்கு. அந்த 'ஆகவே' எங்கிருந்து குதித்தது என்று பிடிபடாமல் நூலகத்தில் ஒரு பாடப்புத்தகம் எடுத்துப் படித்தேன். அந்தத் துகள்களை வைத்துச் செய்தி எதுவும் அனுப்ப முடியாது என்று அதில் இருந்தது. அவரிடம் கேட்டேன். "அது பாடப்புத்தகம்மா" என்றார், ஏதோ கெட்ட வார்த்தையைப் போல.

ஆன்மிகத்துக்கு மௌனம்மா. முன்பு வீடு விற்றுக் கொடுக்கும் தொழிலில் இருந்தவர். மௌனத்தின் பெருமையை மூச்சு விடாமல் ஒரு மணி நேரம் பேசுவார், அதனால் அந்தப் பெயர். இருவரும் மேடையில் ஒருவரை ஒருவர் புகழ்ந்துகொள்வார்கள். ஆன்மிகம் சொன்னதை அறிவியல் நிரூபித்துவிட்டது என்பார் அம்மா. அறிவியல் தேடுவதை ஆன்மிகம் கண்டுவிட்டது என்பார் வாத்தியார். இரண்டு கடன்காரர்கள் ஒருவருக்கொருவர் ஜாமீன் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கும்.

அக்காவிடம் மௌனம்மா முதல் வாரமே ஒரு கட்டளை போட்டிருந்தார். "அவர்கிட்ட கேள்வி கேட்டு மேல்மனசக் கலக்காதீங்க. சேறு கலங்குனா அடி தெரியுமா?" அக்கா அதை மருந்துச் சீட்டைப் போலக் கடைப்பிடித்தாள். வேளைக்குச் சாப்பாடு, வேளைக்குத் துடைப்பு, வேளைக்குச் சிறுநீர்ப் பாட்டில். கேள்வி மட்டும் கிடையாது. ஒன்றும் தெரியாதவளை நம்பவைப்பது சுலபம். பயந்தவளை நம்பவைப்பது அதைவிடச் சுலபம்.

ஞாயிறு மதியம் வகுப்பே வீட்டுக்கு வந்தது. பக்கத்து வீட்டு நாற்காலிகளைச் சேர்த்துக் கட்டிலைச் சுற்றிப் போட்டோம். அலை வாத்தியார் ஒரு சின்னப் பெட்டியை மேசைமேல் வைத்தார். அதில் பச்சை விளக்கு மினுங்கியது, எண்கள் கண்டபடி ஓடின. எல்லோர் மனமும் ஒன்றுபட்டால் அந்த எண்கள் ஒழுங்குக்கு வருமாம். ஓய்வு பெற்ற வங்கிக்காரர், பல் டாக்டரின் மனைவி, எப்போதும் கடைசியில் வரும் தபால்காரர் என்று எல்லோரும் வந்திருந்தார்கள். யாரும் அத்தானைப் பார்த்து "எப்படி இருக்கீங்க" என்று கேட்கவில்லை. எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள்.

"விதி ஞாபகம் இருக்கட்டும்" என்றார் மௌனம்மா. "அவரத் தொடக் கூடாது. அவர்கிட்டப் பேசக் கூடாது. மணி அடிக்கிற வரைக்கும் கண்ணத் திறக்கக் கூடாது. ஒரே கேள்விதான்: 'உங்களுக்கு என்ன வேணும்?' மனசால கேளுங்க. வர்ற பதில வாங்கிக்குங்க. நாமெல்லாம் ஒரே நதி. அவரும் நாமளும் அதே நதியிலதான் ஓடிக்கிட்டிருக்கோம்."

எல்லோரும் கண்ணை மூடினோம்.

எனக்கு இதுவரை எந்தப் பதிலும் வந்ததில்லை. மற்றவர்களுக்கெல்லாம் வரும், எனக்கு மூக்கு மட்டும் அரிக்கும். குறை என்னிடம்தான் என்று நினைத்து, எப்படி வாங்குகிறார்கள் என்று பார்க்க அவ்வப்போது அரைக்கண் திறப்பேன். அன்றும் திறந்தேன். வங்கிக்காரர் தூங்கிவிட்டிருந்தார். பல் டாக்டரின் மனைவி முகம் முழுக்கக் கருணையாக இருந்தார்.

அத்தான் இடது கையால் கட்டில் விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தார். போர்வை அந்தச் சத்தத்தை விழுங்கியது. தட்டுவார், நிறுத்துவார், வட்டமாக ஒவ்வொரு மூடிய முகமாகப் பார்ப்பார், மறுபடி தட்டுவார். என் கண் திறந்திருப்பதைக் கண்டதும் நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். பிறகு கீழே, கட்டிலுக்கு அடியில் பார்த்தார். மறுபடி என்னை.

அர்த்தமில்லாத அசைவு, நானாக அர்த்தம் கற்பிக்கிறேன் என்று எனக்குச் சொல்லிக்கொண்டேன். மணி அடித்தது.

"ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்றார் மௌனம்மா.

"நதி" என்றார் பல் டாக்டரின் மனைவி. "அமைதியா ஓடுது."

"எனக்கும் தண்ணிதான்" என்றார் தபால்காரர்.

வங்கிக்காரர் விழித்து, "ஆழ்ந்த அமைதி" என்றார். அது பொய்யில்லை.

நதி, ஓடை, கரையோரம் ஒரு மரம், 'என்னை இங்கேயே விடுங்கள்' என்று ஒரு குரல். வாத்தியார் பெட்டியைப் பார்த்து, எண்கள் ஒழுங்குக்கு வந்துவிட்டன என்றார். மௌனம்மா அக்காவின் கையைப் பிடித்தார்.

"தெளிவா சொல்லிட்டாரும்மா. இங்க நிம்மதியா இருக்காரு. எங்கயும் அனுப்பாதீங்க."

அக்கா அழுதாள். அவளுக்குக் கேட்க வேண்டியிருந்ததும் அதுதான். அழுதுகொண்டே மருத்துவமனைக்கு வேண்டாம் என்று சொல்லப் போனை எடுத்தாள்.

நான் வேலை பார்ப்பது பேருந்து நிலையத்தில், தொலைந்த பொருட்கள் மேசையில். அங்கே முதல் நாளே சொல்லித் தந்தது ஒன்றுண்டு. குடையைத் தொலைத்தேன் என்று வருகிறவரிடம் 'கறுப்புக் குடையா?' என்று கேட்கக் கூடாது. கேட்டால் எல்லோருமே ஆமாம் என்பார்கள். நதி நதி என்று ஓதிவிட்டுக் கண்ணை மூடச் சொன்னால் பின்னே நதி வராமல் பாலைவனமா வரும்?

"அக்கா, இரு" என்றேன். "அத்தான் கட்டிலத் தட்டுனாரு."

அறை என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் கண்ணைத் திறந்தது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"அது நரம்புத் துடிப்பும்மா" என்றார் வாத்தியார்.

"நீ திறந்ததாலதான் கடைசில கொஞ்சம் கலங்குச்சு" என்றார் பல் டாக்டரின் மனைவி. "நான்கூட நெனச்சேன், என்னடா இதுன்னு."

"ஒரு நிமிஷம் அவர்கிட்டயே கேக்குறேன்" என்றேன். தவறாகப் போனால் அக்கா ஆயுளுக்கும் சொல்லிக்காட்டுவாள்.

"யார்கிட்ட?" என்றார் மௌனம்மா, நிஜமாகவே புரியாமல்.

கட்டிலோரம் உட்கார்ந்து அத்தானின் இடது கைக்குள் என் விரலை வைத்தேன். "அத்தான், ஆமான்னா ஒரு தடவ அழுத்துங்க. இல்லன்னா ரெண்டு. நான் உங்க கொழுந்தியாளா?"

ஒரு அழுத்தல்.

அது தற்செயலாக இருக்கலாம். காக்கை உட்காரப் பனம்பழம் விழும். "அக்கா உங்களுக்குத் தங்கச்சியா?"

இரண்டு. நறுக்கென்று. வாயின் ஒரு பக்கம் மட்டும் கோணியது. அது சிரிப்பு, தானாக வந்த சிரிப்பு அல்ல.

போனைக் காதில் வைத்திருந்த அக்கா அப்படியே நின்றாள்.

"இவங்க சொன்னதெல்லாம் நீங்க சொன்னதா?"

இரண்டு. உடனே மறுபடி இரண்டு. மறுபடி இரண்டு. நகம் பதிந்தது.

"வலிக்குதா அத்தான்?" இரண்டு. "பசியா?" இரண்டு. அவர் கண் கட்டிலுக்கு அடியில் ஓடியது. எனக்குப் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்துவிட்டது, அவரோடு அத்தனை வருடம் வாழ்ந்தவள்.

"அடப்பாவி மனுஷா" என்றாள். "இவருக்கு ஒண்ணுக்கு வருதுடி. எல்லாரும் கொஞ்சம் வெளிய போங்க."

ஒரே நதியில் ஓடிக்கொண்டிருந்தவர்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார்கள். கதவை முழுதாகச் சாத்தும் முன்பே அலை வாத்தியாரின் குரல் கேட்டது.

"தண்ணி! கவனிச்சீங்களா? இத்தன பேரு தண்ணின்னு சொன்னாங்க. அந்த நேரத்துல அவரு உடம்புல இருந்த உணர்வு என்ன? அதேதான்."

"சிலிர்க்குது" என்றார் மௌனம்மா.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு கணம் எனக்கும் சந்தேகம் வந்தது. உண்மையிலேயே வாங்கிவிட்டார்களோ? பிறகு நினைத்தேன்: வாங்கினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். மூத்திரம் முட்டுகிற மனிதனின் அவஸ்தை பிரபஞ்சத்தைச் சுற்றிவந்து பன்னிரண்டு நெஞ்சில் இறங்கியிருக்கிறது. அதை வாங்கிக்கொண்டு ஒருவர்கூட எழுந்து பாட்டிலை எடுக்கவில்லை. அப்படி ஒன்றுபட்ட உணர்வைவிட ஒன்றுபடாத ஒரு நர்ஸ் மேல்.

அக்கா கட்டிலுக்கு அடியிலிருந்து பாட்டிலை எடுத்துப் பிடித்தாள். அத்தான் நீளமாக மூச்சுவிட்டார். முடிந்ததும் அவள் பாட்டிலை மூடி ஓரமாக வைத்துவிட்டு, நான் இருந்த இடத்தில் உட்கார்ந்து தன் விரலைக் கொடுத்தாள். எழுந்துபோகலாமா என்று யோசித்தேன். அவள் மறு கையால் என் சட்டையைப் பிடித்திருந்தாள்.

"இங்கயே இருக்கணுமா?" என்றாள்.

இரண்டு.

"தப்பாக் கேட்டுட்டேனோ?" என்று என்னைப் பார்த்தாள். மாற்றிக் கேட்கச் சொன்னேன்.

"அந்த ஆஸ்பத்திரிக்குப் போகணுமா?"

ஒன்று.

"நான் கூட இருக்க முடியாது. தெரியுமா? மாசக்கணக்குல ஆகும்."

ஒன்று.

"என்னை விட்டுட்டுப் போறது உங்களுக்குச் சம்மதமா?"

அத்தான் அவள் முகத்தையே பார்த்தார். கண்ணில் நீர் வழிந்தது. அது தானாக வந்ததா இல்லையா என்று நான் கேட்கப்போவதில்லை. பிறகு அவர் விரல்கள் மெதுவாக இறுகின. ஒரே தடவைதான், ஆனால் விடவில்லை.

அக்கா கையை உருவிக்கொள்ள வெகுநேரம் ஆயிற்று. முகத்தைத் தோளில் துடைத்தாள். "இத்தன நாளா வாயத் திறந்து கேட்டிருக்கலாம்" என்றாள், யாரிடம் என்று தெரியவில்லை. போனில் எண்ணைப் போட்டுத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கினாள். ஒரு கையில் பாட்டிலை எடுத்துக்கொண்டு, மறு கையால் கதவைத் திறந்தாள்.

கூடத்தில் அவர்கள் மறுபடி வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பெட்டி நடுவில் இருந்தது. கழிவறை அதற்கு அந்தப் பக்கம்.

"வாங்கம்மா, வாங்க" என்றார் மௌனம்மா. "வெற்றின்னு எழுதிக்கலாம்னு பேசிக்கிட்டிருக்கோம். இன்னொரு தடவ உக்காந்தா ஆஸ்பத்திரி பத்தியும் தெளிவாக் கேட்டுடலாம்."

போனில் யாரோ எடுத்துவிட்டார்கள். "ஆமாங்க, அந்தக் கட்டிலுக்குத்தான்" என்றாள் அக்கா. "நாளைக்குக் கொண்டு வந்துடுறோம். ஆமா, அவருகிட்டயே கேட்டாச்சு."

மௌனம்மாவின் நாற்காலிக்கு முன் வந்து நின்றாள். பாட்டில் அவர் முகத்துக்கு நேரே இருந்தது.

"கொஞ்சம் வழி விடுங்க" என்றாள்.