எல்லப்பன் கரி

ஏரியில் எங்கள் குப்பத்தார் வலை போடும் இடங்களுக்கெல்லாம் செத்தவர்களின் பெயர்தான். எவன் எங்கே மூழ்கினானோ, அந்த இடம் அவன் பெயரில் நிற்கும். ஆடியில் அங்கே போய் அந்தப் பெயரைக் கூப்பிட்டுச் சோறு போடுவோம். உயிரோடு இருப்பவன் பெயரை இடத்துக்கு வைக்க எவனுக்காவது மனசு வருமா? ஒல்லாந்துத் துரைக்கு வந்தது.

பழவேற்காட்டுக் கோட்டையின் கொல்லுலைக்குக் கரி தேடி, துரை எங்கள் கோட்டைக்குப்பத்தில் பள்ளம் தோண்டவைத்தான். மண் அடுக்கடுக்காக வந்தது. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தான். மேலே வெள்ளை மணல், அதன் கீழ் கிளிஞ்சல், பிறகு நீலக் களி. எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்த கறுப்பு அடுக்கை முதலில் வெட்டியெடுத்தவர் என் மூத்தார், வீட்டுக்காரரின் அண்ணன் எல்லப்பன். துரைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அதற்கு ‘எல்லப்பன் கரி’ என்று பெயர் சூட்டிவிட்டான்.

என் ஓரகத்தி செல்வம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். “ஐயோ, எம் புருசன் உசுரோட கீறாரே! எமனுக்கு எடம் காட்டிட்டானே, பாவி!”

என் வீட்டுக்காரர்தான் அவளைத் தேற்றினார். “அழாத அண்ணி. அண்ணன் இனிமே பள்ளத்துல எறங்க வாணாம். நான் எறங்கறேன்.”

என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்கவில்லை. அண்ணனுக்கு ஒன்று என்றால் அவருக்கு வேறெதுவும் கண்ணில் படாது.

மறுநாள் மணல் சரிந்து அவரை மூடியது. ஊறிய தண்ணீரில் உடலை எடுக்க முடியவில்லை. துரை பள்ளத்தைத் தூர்க்கச் சொல்லிவிட்டான்.

வைத்த பெயரை வைத்தவன்தான் எடுக்க வேண்டும். அது எங்கள் வழக்கம். துரைக்கு மொழிபெயர்க்கும் துபாசி வீரராகவனின் காலில் விழுந்தேன். “அந்தக் கறுப்பு மண்ணுக்கு எங்க வூட்டுக்காரர் பேர வெக்கச் சொல்லு சாமி.”

துரையிடம் கேட்டுவிட்டு வந்தார். “அந்தப் பேரு கப்பல்ல சீமைக்குப் போயிடுச்சாம்மா. இனிமே மாத்த முடியாதுன்றாரு.”

ஆடி வந்தது. பள்ளம் இருந்த இடத்தில் குப்பமே கூடி நின்றது. மூத்தார் உயிரோடு நிற்கும்போது அவர் பெயரை எப்படிக் கூப்பிடுவது? இடத்துக்கு இல்லாத பெயரைக் கூப்பிடவும் வழக்கமில்லை. குப்பத்துத் தலைவர் நாட்டார் எந்தப் பெயரையும் கூப்பிடாமல் அடுத்த இடத்துக்கு நடந்தார். மூத்தார் குனிந்த தலை நிமிராமல் அழுதார்.

செத்தும் பட்டினியா என் மனுசன்? கட்டியவர் பெயரைப் பொண்டாட்டி சொல்லக் கூடாது. தாலி ஏறிய நாள் முதல் என் வாயில் அது வந்ததே இல்லை. சோற்றை மண்ணில் கொட்டிவிட்டு, ஊர் கேட்கக் கத்தினேன்.

“தாமோதரா! சோறு ஆறுதுய்யா, எழுந்து வா!”