அவளுக்குப் பதிலாக நடந்தவள்

விடியும்போதே முழங்கால் இரண்டும் எரியத் தொடங்கிவிட்டன. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அருணாதேவி எழுந்து நின்றாள். அடிவயிற்றில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டதுபோல இழுத்தது. கட்டில் விரிப்பில் மறுபடியும் ரத்தம். மாதத்தில் பாதி நாள் இப்படித்தான் போகிறது.

செங்கம் ரோட்டில் சின்ன லாட்ஜ் ஒன்றை அவளும் கணவனும் நடத்துகிறார்கள். பகல் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்தே அவளுக்கு உடம்பு ஏறியது. கர்ப்பப்பையில் கட்டி. எடுத்தே ஆக வேண்டும் என்ற டாக்டர், உடனே எடுக்கவும் முடியாது என்றார்.

"இந்த எடையில மயக்க மருந்து குடுத்தா ஆபத்தும்மா. மூணு மாசம் நடங்க. கொஞ்சம் கொறையட்டும், தேதி குடுத்துடறேன்."

கையில் கட்ட ஒரு வாட்ச் கொடுத்தார்கள். நடப்பதையும் இதயம் துடிப்பதையும் அது எண்ணும். போன் வழியாகச் சென்னைக்கு அனுப்பும். அங்கே ஆர்த்தி என்ற பயிற்சியாளர் பார்த்துவிட்டு, ராத்திரி கூப்பிட்டு யோசனை சொல்வாள்.

முதல் நாள் இருட்டு பிரியும் முன்பே அருணாதேவி கிரிவலப் பாதையில் நடக்கப் போனாள். ஆசிரமத்தைத் தாண்டியதும் பின்னால் பைக் சத்தம். மூன்று பையன்கள்.

"டேய், ஓரம் போ, ஓரம் போ! தேரு வருது!"

"வடம் எங்கடா? இழுக்க ஆளக் கூப்புடு!"

சிரிப்பு வெகுதூரம் கேட்டுக்கொண்டே போனது. அவள் அங்கேயே திரும்பினாள். நடக்கச் சொன்ன டாக்டர், எந்த ரோட்டில் நடப்பது என்று சொல்லவில்லை.

லாட்ஜ் மாடிப்படியைத் துடைத்துக்கொண்டிருந்தாள் ஜோதியம்மாள். பதினெட்டு அறைக்கும் அவள் ஒருத்திதான். வாளியோடு ஏறி இறங்குவாள். வேலை முடிந்தால் கீழ்நாத்தூர் வீட்டுக்கும் நடைதான். அவளைப் பார்த்ததும் அருணாதேவிக்கு அந்த எண்ணம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பு மாமியாரின் வேண்டுதலுக்குப் பௌர்ணமியில் மலை சுற்றியதும் இதே ஜோதியம்மாள்தான். முடியாதவர்களுக்காக இன்னொருவர் சுற்றுவது இந்த வீட்டில் புதிதல்ல.

"ஜோதியக்கா, இத நீ கட்டிக்க. கட்டிக்கினு உன் வேலயப் பாரு, போதும்."

"இன்னாம்மா இது? எனக்கு மணி பாக்கத் தெரியாதே."

"மணிக்கு இல்ல. நீ நடக்கறத எண்ணும். என் பேர்ல போவும்."

ஜோதியம்மாள் சிரித்தாள். "உன் மாமியாருக்குப் பதிலா சுத்துனேன், சாமி ஒத்துக்கிச்சு. டாக்டரு இன்னா சாமியவிடப் பெரிய ஆளா? குடு."

அன்று முதல் வாட்ச் அவள் கையில். சாயந்தரம் கழற்றிக் கொடுப்பாள். ராத்திரி ஆர்த்தி கூப்பிடுவாள்.

"சூப்பர்க்கா! கலக்கறீங்க! இவ்ளோ நடக்கறீங்க, எடை இன்னா வந்துச்சு?"

அருணாதேவி எடையையும் குறைத்துச் சொன்னாள். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அடுத்தது தானாக வருகிறது. இரவு முழுக்க ரத்தம் போனது. கண்ணாடியில் முகம் வெளுத்துத் தெரிந்தது. எப்படியாவது தேதி கிடைத்தால் போதும், ஆபரேஷனிலேயே செத்தாலும் பரவாயில்லை என்ற இடத்துக்கு அவள் வந்திருந்தாள்.

மூன்றாம் மாதத்தில் ஒரு நாள் ஜோதியம்மாள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மாரு படபடன்னு அடிச்சிக்குதும்மா. மாடி ஏறுனா கண்ணு இருட்டுது."

"சாப்ட்டியா நீ? டீய குடி, செரியாயிடும்."

அந்த வியாழக்கிழமை இரவு ஆர்த்தியின் குரலில் சிரிப்பு இல்லை.

"அக்கா, பயப்படாதீங்க. நாலு நாளா உங்க இதயத் துடிப்பு தாறுமாறா இருக்குன்னு வாட்ச் காட்டுது. இது நோய்னு நான் சொல்ல முடியாது. ஆனா நாளைக்குக் காலைலயே ஈசிஜி எடுத்து எனக்கு அனுப்புங்க. தள்ளிப் போடாதீங்க."

போனை வைத்த அந்த நொடியே அருணாதேவிக்குத் தெரிந்துவிட்டது. அது தன் இதயம் இல்லை.

இரவெல்லாம் புரண்டாள். உண்மையைச் சொன்னால் மூன்று மாதமும் பொய் என்று ஆகிவிடும். ஆர்த்தி அனுப்பும் கணக்கைப் பார்த்து டாக்டர் சனிக்கிழமை போனிலேயே தேதி சொல்வதாக இருக்கிறார். அது போய்விடும். மறுபடி மூன்று மாதம், மறுபடி அந்த ரோடு, மறுபடி ரத்தம். ஒரே நாள்தானே. சனிக்கிழமை தேதியை வாங்கிக்கொண்டு ஜோதியக்காவை நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆட்டோ பிடித்துப் போய்த் தனக்கு ஈசிஜி எடுத்தாள். சுத்தமாக இருந்தது. அனுப்பினாள்.

"அப்பாடா! வாட்ச்தான் தப்பாக் காட்டியிருக்குக்கா," என்றாள் ஆர்த்தி.

திரும்பி வந்தபோது ஜோதியம்மாள் வாளியோடு மூன்றாம் மாடியில் இருந்தாள். அருணாதேவி மேலே பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் இறங்கி வந்ததும் வாட்சை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"ஏம்மா, நான் நடந்தது பத்தலியா?"

"இல்லக்கா, முடிஞ்சிபோச்சு."

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஜோதியம்மாள் படியில் விழுந்தாள். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. வலது கையும் காலும் சொன்னதைக் கேட்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: "இதயம் ஒழுங்கில்லாம துடிச்சிருக்கு. ரத்தம் கட்டிப்போய் மூளைக்கு ஏறிடுச்சு. உயிர் பொழைச்சுக்கும். முன்னாடியே வந்திருந்தா மருந்து குடுத்துத் தடுக்கப் பாத்திருக்கலாம். அவங்களுக்கு ஒண்ணுமே தெரியலியா?"

அந்தப் படபடப்பு என்னவென்று அவளுக்குத் தெரியாது. அவள் பக்கத்தில் நின்றவளுக்குத் தெரியும்.

வார்டுக்கு வெளியே ஜோதியம்மாளின் மகள் தென்றலிடம் அருணாதேவி எல்லாவற்றையும் சொன்னாள். வாட்சை, போன் வந்ததை, தன் ஈசிஜியை. தென்றல் அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள்.

"நடந்தது எங்கம்மா. நோவு வந்தது எங்கம்மாவுக்கு. சேதி மட்டும் உங்களுக்கு வந்துச்சா? எங்கம்மா நோவக்கூட உங்க பேர்லதான் எழுதிக்கினீங்களா?"

அருணாதேவி அங்கேயே நின்றபடி ஆர்த்தியைக் கூப்பிட்டு அவளிடமும் சொன்னாள்.

"ரோட்ல சிரிக்கறாங்கன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா," என்றாள் ஆர்த்தி. "உங்க லாட்ஜ் மொட்டை மாடிலயே நடக்க வச்சிருப்பேன். முடியாத நாள்ல நாற்காலில உக்காந்தே கை கால் அசைக்கச் சொல்லியிருப்பேன். ஒண்ணும் முடியாதுன்னாலும் டாக்டர்கிட்ட பேசி வேற வழி கேட்டிருப்பேன். அதுக்குத்தானே நான் இருக்கேன்? பொய்யப் பாத்து நான் யாருக்கு யோசனை சொல்றது?"

பைக்கில் போன மூன்று பையன்களுக்கும் இதில் பங்கு உண்டு. பருத்த உடம்பைப் பார்த்துச் சிரிப்பவன், அந்த உடம்பை வீட்டுக்குள் பூட்டி வைக்கிறான். ஆனால் வெள்ளிக்கிழமை வாயை மூடிக்கொண்டது அவர்கள் அல்ல.

அருணாதேவி உள்ளே போய்க் கட்டிலோரம் நின்றாள். ஜோதியம்மாள் குழறிக் குழறி என்னவோ கேட்டாள். அவளுக்குப் புரியவில்லை. தென்றல் குனிந்து கேட்டுச் சொன்னாள்:

"டாக்டரு உனக்குத் தேதி குடுத்துட்டாரான்னு கேக்குது."

அருணாதேவி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வேண்டுதல ஆள் வச்சு முடிக்கலாம்க்கா. வைத்தியத்த ஆள் வச்சுப் பண்ணக் கூடாது. என் உடம்ப நான்தான் நடத்தியிருக்கணும். உன் நோவ உன்கிட்டயே சொல்லியிருக்கணும்."

ஆஸ்பத்திரிச் செலவை அவள் கட்டினாள். சம்பளத்தையும் மாதாமாதம் கீழ்நாத்தூருக்குக் கொடுத்து அனுப்புகிறாள். அதெல்லாம் கணக்கில் சேராது. ஜோதியம்மாளுக்கு அவள் தரவேண்டியது ஒரே ஒரு வெள்ளிக்கிழமை. அந்தக் கடன் இன்னும் அப்படியே நிற்கிறது.