இடது பக்கத்து விசிறி

பொன்னுராஜ் மேஸ்திரி சுற்று எண்ணும் கருவியை ஓடுகிற எஞ்சினின் முனையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையிலிருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். லாஞ்சு ஏரியின் நடுவில் போய்க்கொண்டிருந்தது. சுக்கானைப் பிடித்திருந்த நல்லகண்ணு முன்னால் பார்ப்பதுபோலப் பாவனை செய்தானே தவிர, அவன் காதெல்லாம் பின்னால்தான் இருந்தது. வலது எஞ்சின் நிமிடத்துக்கு ஆயிரத்து எண்ணூறு சுற்று என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார். இப்போது இடது.

"ஆயிரத்து முந்நூறு," என்றார் பொன்னுராஜ். "என்னய்யா இது. கரையில, தண்ணியத் தள்ளுற விசிறியச் சேக்காம ஓட்டுனா ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி ஓடுது. விசிறியோட சேத்தா இதுக்கு மட்டும் மூச்சு வாங்குது."

தேனியிலிருந்து அவரை வரவழைத்து இது மூன்றாவது நாள். இடது எஞ்சினைக் கழற்றினார், வால்வைத் தேய்த்தார், கார்புரேட்டரை ஊதினார், பிளக்கை மாற்றினார். ஒரு குறையும் அகப்படவில்லை. முதல் நாளே அவர் கேட்டார், எங்கேயாவது மோதினாயா என்று. முதலாளி ஞானசிகாமணி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "இல்ல மேஸ்திரி," என்று நல்லகண்ணு சொன்னான். அந்த 'இல்லை'யைச் சொல்ல ஒரு நொடிகூட ஆகவில்லை.

இருபது நாளைக்கு முன்பு மோதியது. அணை கட்டித் தண்ணீர் தேங்கிய காலத்தில் மூழ்கிய காட்டு மரங்கள் ஏரிக்குள் நின்றபடியே செத்துப்போய்க் கறுத்த முளைகளாக நிற்கின்றன. தண்ணீர் நிறைந்தாலும் பயமில்லை, நன்றாக வற்றினாலும் பயமில்லை. மட்டத்துக்கு ஒரு சாண் கீழே குட்டை முளைகள் மறைந்திருக்கும் சித்திரை வைகாசியில்தான் ஆபத்து. அன்றைக்கு எஞ்சின் பார்க்கிற அம்மாவாசி, மகள் காதுகுத்துக்காகக் காமயகவுண்டன்பட்டிக்குப் போயிருந்தான். லாஞ்சில் நல்லகண்ணு மட்டும். அடியில் ஒரு அதிர்வு, அவ்வளவுதான். கரையோரம் ஒதுக்கி மார்பளவு தண்ணீரில் இறங்கித் தடவிப் பார்த்தபோது, இடது பக்கத்துப் பித்தளை விசிறியின் மூன்று இலைகளில் ஒன்று பாதியாக இருந்தது. இன்னொன்று முறுக்கிக் கிடந்தது.

வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி சொல்லியிருந்தார்: "கட்டையில மோதுன அன்னைக்கே நீ கம்பத்துக்கு நடையக் கட்டிரணும்." கம்பத்தில் அவன் மனைவி சுப்புத்தாயும் இரண்டு பெண்பிள்ளைகளும் இருந்தார்கள். கரையிலிருந்த கொட்டகையில் ஏலக்காய் மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு பழைய விசிறி கிடந்தது ஞாபகம் வந்தது. அதே பித்தளை, அதே மூன்று இலை, அதே பக்கம் சுற்றுவது. நடுக்குமிழில் 15 என்று பொறித்திருந்தது. உடைந்ததிலும் 15. பக்கத்தில் இன்னொரு எண்ணும் இருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை, பார்க்க நேரமில்லை. மாட்டிவிட்டு உடைந்ததை ஏரிக்குள்ளேயே போட்டான். நீரில் மினுங்கிக்கொண்டே அது இறங்கியதைக் கண்டு அவன் அடைந்த நிம்மதி மறுநாள் வரைக்கும்தான் இருந்தது.

இடது எஞ்சின் இழுக்க மறுத்ததும் முதலாளி தாமாகவே காரணம் கண்டுபிடித்தார். யுத்தகாலம், பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைக்கும். இரண்டு எஞ்சினுக்கும் தனித்தனி டாங்கி, ஊற்றுகிறவன் அம்மாவாசி. "பெட்ரோல வித்துட்டு மண்ணெண்ணெயக் கலந்திருக்கான்." பொன்னுராஜ் டாங்கியைக் காலிசெய்து, சீல் உடைக்காத டின்னிலிருந்து ஊற்றி ஓட்டிக் காட்டினார். அப்படியும் அதே ஆயிரத்து முந்நூறு. முதலாளி கேட்கவில்லை. "எஞ்சின் ஏற்கெனவே கெட்டுப்போச்சு மேஸ்திரி. இனி நல்ல பெட்ரோல் ஊத்தி என்ன செய்ய?" நாளைக்குக் கூப்பன் பார்க்க வரும் அதிகாரியிடம் அம்மாவாசியை ஒப்படைப்பதாகச் சொல்லிவிட்டார். ஒப்படைத்தால் ஜெயில்தான். அம்மாவாசி தன் துணிமூட்டையோடு கரையில் ஒரு மரக்கட்டையில் போய் உட்கார்ந்தவன், இரண்டு நாளாக அங்கேயே இருக்கிறான்.

"ரெண்டையும் முழுசாத் திற," என்றார் பொன்னுராஜ். "எவ்வளவு நேரம் தாங்குதுன்னு பாத்துருவோம். அக்கரைத் தோட்டத்துல காய்ச்சக்காரக முப்பது பேரு கெடக்காக. நாளைக்கு இத நம்பித்தான் ஏத்தணும்."

நல்லகண்ணு திறந்தான். மேற்கிலிருந்து காற்று எழுந்திருந்தது, அலை பக்கவாட்டில் அறைந்தது. ஐந்தாவது நிமிடம் இடது எஞ்சினிலிருந்து ஆவி கிளம்பியது. கரும்புகை கக்கியது, இருமியது, நின்றுவிட்டது. வலது மட்டும் முழு வேகத்தில் தள்ள, லாஞ்சு சடாரென்று இடது பக்கம் திரும்பியது. அந்தப் பக்கம்தான் முளைகள். நல்லகண்ணு வலது எஞ்சினைக் குறைத்து, சுக்கானை மறுபக்கம் முழுக்கச் சுற்றினான். வேகத்தில் வந்த லாஞ்சு உடனே கேட்கவில்லை. ஆள் உயரத்துக்கு ஒரு கறுத்த மரம் அவன் முழங்கையைத் தொடுகிற தூரத்தில் நழுவிப்போனது. அடுத்ததைப் பொன்னுராஜ் மூங்கில் கழியால் உந்தித் தள்ளினார். கழி வளைந்தது, முறியவில்லை. லாஞ்சு தயங்கி நின்றது.

பொன்னுராஜ் கழியைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார். "முப்பது பேரு ஏறியிருந்தா?" என்றார். அவனைப் பார்த்துக் கேட்கவில்லை, தண்ணீரைப் பார்த்துக் கேட்டார்.

நல்லகண்ணு சுக்கானை விட்டுத் திரும்பினான். "மேஸ்திரி, இடது பக்கத்துல இருக்குறது முன்ன இருந்த விசிறி இல்ல," என்றான். ஆரம்பித்ததும் எல்லாம் வந்துவிட்டது. மோதியது, கொட்டகை, தண்ணீருக்குள் போட்டது.

பொன்னுராஜ் வாய்விட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. "மூணு நாளு வால்வத் தேச்சேன்யா. நான் படிச்சதெல்லாம் மறந்துபோச்சோன்னு ராத்திரி தூங்காமக் கெடந்தேன்." பிறகு குரல் தணிந்தது. "என்னைய விடு. அங்கன ஒருத்தன் மூட்டையோட உக்காந்திருக்கானே. தெனமும் அவனத் தாண்டித்தான லாஞ்சுல ஏறுன?"

"ஆமா."

"எப்படிய்யா ஏறுன?"

நல்லகண்ணு வலது எஞ்சினை மெல்லத் திறந்தான்.

ஒற்றை எஞ்சினில் ஊர்ந்து கரை சேர்ந்தார்கள். தோட்டத்து ஆட்கள் பத்துப் பேர் உருட்டுக்கட்டை போட்டு லாஞ்சின் பின்பக்கத்தை மேட்டுக்கு இழுத்தார்கள். குடையோடு இறங்கி வந்த ஞானசிகாமணி, என்ன நடக்கிறது என்று கேட்பதற்குள் பொன்னுராஜ் இரண்டு குமிழ்களையும் துணியால் துடைத்திருந்தார். வலதில் 15, 10. இடதில் 15, 14.

"விட்டம் ஒண்ணுதான் மொதலாளி. இலையோட சாய்வுதான் வேற. அது ஒரு சுத்துக்குப் பத்து அங்குலம் தண்ணியத் தள்ளுற கணக்கு, இது பதினாலு. எஞ்சினு இழுக்க முடியாத பாரத்த இழுத்துருக்கு. எஞ்சின்லயும் கொறையில்ல, பெட்ரோல்லயும் கொறையில்ல."

"அப்ப இத யாரு மாட்டுனது?"

பொன்னுராஜ் ரம்பத்தைத் தேடுவதுபோலப் பெட்டிப் பக்கம் குனிந்துகொண்டார். நல்லகண்ணு தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான். மரக்கட்டையில் இருந்த அம்மாவாசிக்கும் கேட்க வேண்டும் என்று நினைத்தான். அதனால் தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னான்.

"நாந்தான் மொதலாளி. கட்டையில மோதிட்டேன். பயந்துபோயி மறச்சிட்டேன். அம்மாவாசிக்கு ஒண்ணுமே தெரியாது."

ஞானசிகாமணி குடையை மடக்கினார். அவர் முகம் சிவந்ததையும், ஏதோ சொல்ல வாயெடுத்து அம்மாவாசி இருந்த திசையைப் பார்த்து அடக்கிக்கொண்டதையும் நல்லகண்ணு கண்டான். "நாளைக்கு அந்தச் சனம் இக்கரைக்கு வந்து சேரட்டும்," என்றார் கடைசியில். "உன்னைய அதுக்கப்பறம் பாக்குறேன். இனி நீ லாஞ்சுல கால வைக்கக் கூடாது."

சரியான விசிறி கொச்சியிலிருந்து வர நாளாகும். அதுவரைக்கும் ஓடட்டும் என்று பொன்னுராஜ் பாரம் குறையும்படி இலைகளின் நுனியை வட்டமாக அறுத்தார். அறுத்த பின் நடுவில் கம்பியைக் கோத்து இரண்டு செங்கல்லில் நிறுத்தி, எந்த இலை கீழே இறங்குகிறதோ அதை மட்டும் அரத்தால் ராவினார். மூன்று இலையும் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும்வரை விடவில்லை. பிற்பகலில் அவரே சுக்கானைப் பிடிக்க, முதலாளி கூட ஏறிக்கொள்ள, லாஞ்சு சோதனை ஓட்டத்துக்குப் புறப்பட்டது. கரும்புகை வரவில்லை. மேட்டுத் திருப்பத்தில் அது மறைந்தது.

தோட்டத்து ஆட்களும் போய்விட, கரையில் இருவர் மட்டும் மிஞ்சினார்கள். நல்லகண்ணு வெகுநேரம் நின்றான். பிறகு நடந்துபோய் மரக்கட்டையின் மறுமுனையில் உட்கார்ந்தான். அம்மாவாசி அவன் பக்கம் திரும்பவில்லை, எழுந்து போகவுமில்லை. மலைப் பக்கமிருந்து முதல் தூறல் விழுந்தது. அம்மாவாசி மூட்டையைத் தூக்கி மடியில் வைத்து, அது நனையாதபடி குனிந்து இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டான். அவனுக்கும் நல்லகண்ணுவுக்கும் நடுவில் இருந்த வெறும் கட்டையின் மேல் மழை புள்ளி புள்ளியாக விழுந்துகொண்டிருந்தது.